கை அறிந்தது, ஊர் அறிந்தது: திறன் கற்றலும் தன்னம்பிக்கையும் – புந்தோங்கை முன்வைத்து

1. கேள்வி

'தன்முனைப்பு' மலேசியத் தமிழர்க்கு நெருக்கமான சொல். ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கான யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் கைவிடப்பட்டது. அதுவரை, தேர்வு நெருங்கும் மாதங்களில் ஒரு தன்முனைப்பு முகாமிலாவது உட்காராமல் தமிழ்ப்பள்ளியைக் கடந்த பிள்ளைகள் குறைவு. "உன்னால் முடியும்" என்று ஒலிபெருக்கியில் ஒருவர் சொல்வார். "என்னால் முடியும்" என்று மண்டபம் திருப்பிச் சொல்லும். இன்று இளையோருக்கும் தனித்து வாழும் தாய்மாருக்கும் நடத்தப்படும் தொழில்திறன் பயிற்சிகள் பலவும் இப்படி ஓர் உரையோடுதான் தொடங்குகின்றன.

இந்த ஏற்பாட்டுக்கு அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது: முதலில் நம்பிக்கை, பிறகு திறன். இதை ஏற்காதவர்கள் வரிசையை மாற்றிச் சொல்வார்கள்: திறனைக் கொடுங்கள், நம்பிக்கை தானாக வரும். முதல் கூற்று பிழையென்றும் இரண்டாம் கூற்று பாதியென்றும் வாதிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஒரு திறனைக் கற்பது ஒருவருக்குத் தன்னம்பிக்கையையும் 'நான் இன்னார்' என்ற அடையாளத்தையும் எந்த நிபந்தனைகளில் தருகிறது? எந்த நிபந்தனைகளில் தராமல் போகிறது?

இக்கேள்வியைக் கேட்கப் பொருத்தமான இடம் புந்தோங். ஈப்போவின் மேற்கு விளிம்பில், சுங்கை பாரி ஆற்றை ஒட்டிக் கிடக்கும் இப்பகுதி, நாட்டிலேயே இந்திய வாக்காளர் விகிதம் மிகுந்த சட்டமன்றத் தொகுதிகளுள் ஒன்று. ஒருபுறம் லூர்து மாதா ஆலயம் உள்ள சிலிபின். இன்னொருபுறம் வேர்க்கடலைக்குப் பெயர்போன மெங்லெம்பு. நகரத்தைத் தாண்டினால் ஒருகாலத்தில் சுங்கை சிப்புட் வரையிலும் அதற்கு அப்பாலும் பால்மரத் (ரப்பர்) தோட்டங்கள். தோட்டம் விட்டவர்கள் ஒதுங்கிய நகர்ப்புறங்களில் புந்தோங்கும் ஒன்று. அதே புந்தோங்கில், தோட்டத்தோடு தொடர்பே இல்லாமல் கடலையும் முறுக்கும் விற்று ஊருக்கே பெயர் வாங்கித் தந்த குடும்பங்களும் இருக்கின்றன. இரண்டு திறன்கள், இரண்டு விதி. அவற்றை அருகருகே வைத்துப் பார்க்க முயல்கிறேன். இது கணக்கெடுப்பு சார்ந்த ஆய்வு அன்று. சட்டம், வரலாறு, தொழில்நுட்பம் ஆகியவற்றில் பதிவானவற்றை வைத்துச் செய்யும் விளக்கம்.

2. இதுவரை சொல்லப்பட்டவை

தன்னம்பிக்கை பற்றிய உளவியல் பேச்சில் அதிகம் எடுத்தாளப்படுபவர் ஆல்பர்ட் பண்டூரா. 1977இல் வெளியான தம் கட்டுரையில் அவர் பேசியது பொதுவான தன்னம்பிக்கையைப் பற்றி அன்று. 'இந்தக் காரியத்தை என்னால் செய்ய முடியும்' என்ற குறிப்பான நம்பிக்கையைப் பற்றி. அதற்கு நான்கு ஊற்றுகளைச் சொன்னார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் காண்பது, பிறர் சொல்லும் ஊக்கச் சொல், உடலும் மனமும் அப்போது இருக்கும் நிலை. நான்கில் வலுவானது முதலாவது. தன்முனைப்பு உரை மூன்றாவதில் அடங்கும். ஊக்கச் சொல்லால் வந்த நம்பிக்கை, செயலில் இறங்கி முதல் அடி வாங்கியதும் கரைந்துவிடக்கூடும் என்பதும் பண்டூராவின் வாதத்திலேயே இருக்கிறது.

இதற்கு வேறொரு திசையிலிருந்து வலு சேர்த்தது, ராய் பாமைஸ்டரும் வேறு மூவரும் 2003இல் வெளியிட்ட மதிப்பாய்வு. தன்மதிப்பை உயர்த்தினால் படிப்பும் ஒழுக்கமும் உயரும் என்று நம்பி, கலிஃபோர்னியா மாநில அரசு 1986இல் அதற்கென ஒரு பணிக்குழுவே அமைத்திருந்தது. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் தேடிய பாமைஸ்டர் குழுவுக்குக் கிடைத்தது ஏமாற்றம். நல்ல மதிப்பெண் தன்மதிப்பை உயர்த்துகிறது என்று சொல்ல இடமிருந்தது. தன்மதிப்பு மதிப்பெண்ணை உயர்த்துகிறது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. 'முதலில் நம்பிக்கை' என்ற வரிசை இங்கே உடைகிறது.

ஜீன் லேவும் எட்டியென் வெங்கரும் 1991இல் எழுதிய நூல் அடையாளத்தைக் கற்றலின் நடுவில் வைத்தது. கற்பதென்றால் தகவல் சேர்ப்பது அன்று. ஒரு தொழிற்கூட்டத்தின் ஓரத்தில் சின்ன வேலையோடு நுழைந்து, மெல்ல அதன் உள்ளே போய், அந்தக் கூட்டத்தின் ஆளாக ஆவது. மேற்கு ஆப்பிரிக்கத் தையற்காரர்கள், மெக்சிகோவின் யுகடான் மருத்துவச்சிகள் முதலியோரைக் கொண்டு அவர்கள் இதைக் காட்டினார்கள். ஜெர்மானிய மெய்யியலாளர் ஆக்ஸல் ஹொன்னெத் 1992இல் இன்னொரு படி சேர்த்தார். ஒருவர் தன்னைத் தானே மதிப்பதற்கு அன்பும் சட்ட உரிமையும் மட்டும் போதா. அவருடைய திறனும் பங்களிப்பும் சமூகத்தால் மதிக்கப்படவும் வேண்டும். மறுக்கப்பட்ட மதிப்பு ஒருவருக்குள்ளேயே காயமாகத் தங்கும்.

இவர்களைச் சேர்த்துப் படித்தால் மூன்று நிபந்தனைகள் தேறுகின்றன. ஒன்று, கை தானே செய்து தேறியிருக்க வேண்டும். இரண்டு, அதைப் பார்த்து நல்லது கெட்டது சொல்லத் தெரிந்த சாட்சி வேண்டும். மூன்று, அந்தத் திறனுக்கு வெளியுலகில் ஒரு பெயர் வேண்டும். மூன்றாவது இல்லாதபோது முதல் இரண்டும் என்ன ஆகின்றன? புத்தகங்களில் மெலிதாக இருக்கும் இந்த இடத்தில்தான் பேராக் தோட்டங்களின் அனுபவம் பேசத் தொடங்குகிறது.

3. பால்மரக் காடு: பெயரில்லாத திறன்

பேராக்குக்கும் ரப்பருக்கும் உறவு பழையது. 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட கன்றுகளில் ஒன்று இன்றும் வேலிக்குள் காக்கப்படுகிறது. மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லிசாகச் சீவித் திரும்பத் திரும்பப் பாலெடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் ஹென்றி ரிட்லி 1890களில் வகுத்தார். வரலாறு அவரை நினைவில் வைத்திருப்பது நியாயமே. அந்த முறையை மூன்று தலைமுறை செய்து காட்டிய கைகளைப் பற்றி அதே வரலாறு 'கூலிகள்' என்பதற்கு மேல் அதிகம் சொல்வதில்லை.

அந்தக் கைகள் செய்தது என்ன? மரத்தின் உள்ளழுத்தம் விடியலுக்கு முன்தான் மிகுதி. வெயில் ஏறினால் பால் சுரப்பது குறையும். அதனால் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து இருட்டிலேயே, நெற்றி விளக்கோடு நிரைக்குள், அதாவது தமக்கு ஒதுக்கிய மர வரிசைக்குள், நுழைய வேண்டும். பால்குழாய்கள் பட்டைக்குள் நேர்குத்தாக ஓடுவதில்லை. வலப்பக்கம் சற்றுச் சாய்ந்து ஏறுகின்றன. அதனால் வெட்டுக்கோடு இடமேலிருந்து வலக்கீழாக, ஏறக்குறைய 30 பாகைச் சரிவில் இறங்க வேண்டும். அப்போதுதான் அதிகக் குழாய்கள் அறுபடும். ஒரு தடவைக்குச் சீவும் பட்டை சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். மரத்தின் வளர்திசுவுக்கு மேல் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்ப் பட்டை தொடாமல் மிஞ்ச வேண்டும். பால்குழாய்கள் உள்பக்கத்தில்தான் நெருக்கம் என்பதால், ஆழம் குறைந்தால் பால் குறையும். ஆழம் கூடினால் மரம் காயப்படும். இந்த ஒரு மில்லிமீட்டரை அளக்க எந்தக் கருவியும் கையில் இல்லை. கத்தியின் முனை பட்டையில் ஓடும்போது மணிக்கட்டுக்குத் தெரிகிற எதிர்ப்புதான் அளவு. ஒரு மரத்துக்குச் சில நொடிகள். ஒரு நிரையில் ஐந்நூறை ஒட்டிய மரங்கள்.

இந்த வேலையைப் பள்ளியில் யாரும் கற்கவில்லை. பிள்ளைகள் தாயோடு காட்டுக்குப் போனார்கள். முதலில் மங்கு (பால் வடியும் கிண்ணம்) துடைத்தார்கள். வெட்டுக்கோட்டில் உறைந்த கோட்டுப்பாலை உருவினார்கள். பிறகு வாளி தூக்கினார்கள். ஒருநாள் கழிவு மரமொன்றில் கத்தி வைத்துப் பார்க்க விட்டார்கள். லேவும் வெங்கரும் சொன்ன ஓரத்திலிருந்து உள்ளே போகும் பாதை இதைவிடத் தெளிவாக எங்கும் இருக்க முடியாது. சாட்சிக்கும் குறைவில்லை. மண்டோர் (மேற்பார்வையாளர்) வெட்டைப் பார்ப்பார். கிராணி (தோட்ட எழுத்தர்) பாலை நிறுப்பார். அவர்களைவிடப் பெரிய சாட்சி மரம். சீவிய இடத்தில் பட்டை மீண்டும் வளரும். சில ஆண்டுகள் கழித்து அதே இடத்துக்குக் கத்தி திரும்ப வரும். காயம் பட்ட இடம் முண்டும் முடிச்சுமாக நிற்கும். நல்ல கை பட்ட மரம் வழவழப்பாக இருக்கும். ஒருவருடைய கைத்திறன் பத்தாண்டுக்கு அழியாமல் மரத்தில் எழுதப்பட்டிருந்தது. படிக்கத் தெரிந்தவர்கள் தோட்டத்துக்குள் மட்டுமே இருந்தார்கள்.

வெளியே இதற்குப் பெயர் 'திறனற்ற வேலை'. இது மனப்போக்கு மட்டும் அன்று, சட்டமும்கூட. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம், விவசாயத்தில் ஈடுபடுவதைத் திறனற்ற வேலையில் சேர்த்தது. கைவினைஞர், எழுத்தர், கடைச் சிப்பந்தி, உணவக ஊழியர், வீட்டு வேலையாள் ஆகியோர் அதே சட்டத்தில் திறன் வேலைக்காரர்கள். எனவே கடைப்பலகையில் நின்று துணி மடிப்பவர் திறன் உள்ளவர். ஒரு மில்லிமீட்டரை இருட்டில் உணர்பவர் திறனற்றவர். 1938இல் மலாயாவுக்கான உதவிபெற்ற குடிபெயர்வை இந்திய அரசு நிறுத்தியபோதும், நிறுத்தப்பட்டது 'திறனற்ற' தொழிலாளர் வரவுதான்.

பெயரிடுவதில் தோட்டத்துறைக்குத் தயக்கமே இருந்ததில்லை என்பது இங்கே கவனிக்க வேண்டியது. மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய ஒட்டுரகங்களுக்கு எண்ணும் வம்சாவளியும் உண்டு. 'ஆர்.ஆர்.ஐ.எம். 600' என்றால் ரப்பர் உலகம் முழுக்கத் தெரியும். மரத்துக்குச் சான்றிதழ் இருந்தது. அதை வெட்டிய கைக்கு இல்லை. கூலியிலும் திறன் முதல் அளவுகோல் ஆகவில்லை. 1920களின் இறுதியில் நிர்ணயித்த தரக்கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அவளுடைய மரம் வழவழப்பாக இருந்தாலும் 40 காசுதான்.

தமிழ் மொழி திறனைக் கையில்தான் வைத்திருக்கிறது. கைப்பக்குவம், கைராசி, கைவந்த கலை, கைதேர்ந்தவர் என்றெல்லாம் சொல்கிறோம். அதே மொழியில் கைநாட்டு என்ற சொல்லும் உண்டு. விடியற்காலையில் காட்டில் கைதேர்ந்தவராக இருந்த அதே ஆள், சம்பள மேசையில் பெருவிரலை மையில் தோய்க்கும்போது கைநாட்டு. தோட்டத் தமிழரின் தன்னம்பிக்கைச் சிக்கல் இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

4. தோட்டம் கலைந்தபின்

தோட்டம் பல தவணைகளில் கலைந்தது. 1950களில் வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றார்கள். அதற்கு எதிர்வினையாக, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவி, தொழிலாளரின் சிறுசேமிப்பில் தோட்டங்களை வாங்க முனைந்தார். 1969இல் குடியுரிமை இல்லாதவர்க்கு வேலை அனுமதி கட்டாயமாக்கப்பட்டதும் பல்லாயிரவர் இந்தியா திரும்பினார்கள். அதன்பின் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; செம்பனையும் போய் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்தன. 1980க்குப் பிந்தைய இருபதாண்டுகளில் வெளியேறிய தோட்ட மக்கள் சுமார் 3 லட்சம் என்ற மதிப்பீடு ஆய்வுகளில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. ஈப்போவுக்கு இன்னொரு அடியும் சேர்ந்தது: 1985இல் அனைத்துலக ஈய விலை சரிந்தபோது கிந்தா பள்ளத்தாக்கின் வேலைவாய்ப்பும் சரிந்தது.

நகரத்துக்கு வந்தவர்கள் ஏன் பின்தங்கினார்கள் என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம்: 'அவர்களிடம் திறன் இல்லை.' சென்ற பகுதியைப் பார்த்தபின் இதை அப்படியே ஏற்க இயலாது. இருந்த திறன் மரத்தோடு கட்டுண்டது. மரம் போனதும் அது காற்றில் நின்றது. அதைவிட முக்கியம், அத்திறனை வேறு வேலைக்கு மொழிபெயர்க்க உதவும் பெயர் எதுவும் அதற்கு இல்லை. கூர்கருவியில் நுட்பம், நேர ஒழுங்கு, ஐந்நூறு மரங்களின் நலத்தைத் தனித்தனியே நினைவில் வைக்கும் கவனம் ஆகியவை மரம் சீவுபவரிடம் இருந்தன. ஆனால் தொழிற்சாலை வாசலில் 'முன்பு என்ன வேலை?' என்ற கேள்விக்கு 'எஸ்டேட்டுல' என்ற ஒற்றைச் சொல்லே பதிலாயிற்று. அந்தச் சொல்லில் இடம் இருந்தது, திறன் இல்லை.

இங்கே ஒரு தடையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மரம் சீவுபவர்களே அத்திறனைப் பிள்ளைக்குக் கொடுக்க விரும்பவில்லை. 'என் பிள்ளை இந்தக் கத்தியைத் தொடக்கூடாது' என்பது தோட்டத்து வீடுகளில் திரும்பத் திரும்பக் கேட்ட வாக்கியம். இதை வைத்து, அத்திறனில் பெருமையே இருந்ததில்லை என்று வாதிடலாம். எனக்கு அது சரியாகப் படவில்லை. நன்றாக வெட்டினேன் என்ற பெருமையும் இது பிள்ளைக்கு வேண்டாம் என்ற கசப்பும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்க முடியும். முதலாவது கைக்கும் மரத்துக்கும் இடையிலானது. இரண்டாவது ஆளுக்கும் உலகத்துக்கும் இடையிலானது. பண்டூரா முதலாவதை விளக்குகிறார். ஹொன்னெத் இல்லாமல் இரண்டாவது விளங்காது.

5. கச்சாங் பூத்தே: பெயர் பெற்ற திறன்

புந்தோங்கின் மறுபாதிக் கதை கடலைக் கதை. எட்டயபுரம் வட்டாரத்தைத் தம் பூர்வீகமாகச் சொல்லும் குடும்பங்கள் இங்கே தலைமுறைகளாகக் கடலை, பட்டாணி, முறுக்கு, ஓமப்பொடி, பக்கோடா ஆகியவற்றை வறுத்தும் பொரித்தும் விற்றுவருகின்றன. இந்தத் தின்பண்டங்களுக்கு மலாயில் 'கச்சாங் பூத்தே' என்று பெயர். தலையில் தட்டும் கையில் காகிதக் கூம்புமாகத் திரையரங்க வாசல்களில் நின்ற கச்சாங் பூத்தேகாரரை நினைவில் வைக்காத முந்தைய தலைமுறை மலேசியர் அரிது. மலாய்க்காரர், சீனர் எவரானாலும்.

இந்த வேலைக்குள்ளும் ஒரு மில்லிமீட்டர் இருக்கிறது. எண்ணெய் காய்ந்ததா என்று வெப்பமானி வைத்துப் பார்ப்பதில்லை. ஒரு துளி மாவு போட்டால் அது எவ்வளவு வேகத்தில் மேலே வருகிறது என்பதே கணக்கு. முறுக்கு வெந்ததைக் கண் சொல்வதற்கு முன் காது சொல்லும். மாவில் ஈரம் இருக்கும்வரை எண்ணெய் சடசடக்கும். ஈரம் தீரத் தீர ஓசை அடங்கும். அடங்கிய கணத்துக்கும் கருகும் கணத்துக்கும் இடையே கிடைப்பது சில நொடிகள்தான். கடலை வறுப்பதிலும் அப்படியே. அடுப்பிலிருந்து இறக்கியபின்னும் உள்ளே சூடு வேலை செய்துகொண்டிருக்கும் என்பதால், சரியாக வறுபடும் முன்பே இறக்கத் தெரிய வேண்டும். முந்தி இறக்க வேண்டும் என்பதைப் புத்தகத்தில் எழுதலாம். எவ்வளவு முந்தி என்பது எழுத முடியாதது.

எனில், நுட்பத்தில் மரம் சீவுவதற்கும் இதற்கும் ஏற்றத்தாழ்வு சொல்ல முடியாது. வேறுபாடு மூன்றாம் நிபந்தனையில் இருக்கிறது. கடலை வறுப்பவரின் சாட்சி வாடிக்கையாளர். வாயில் போட்ட உடனே தீர்ப்பு. பிடித்தால் மறுநாள் வருகை. ரப்பர்ப் பால் ஆலைக்குப் போய் ஆயிரம் பேருடைய பாலோடு கலந்துவிடும். கடலை அவரவர் பெயரோடு வாங்குபவர் கைக்குப் போகும். புந்தோங்கின் ஒரு பகுதிக்கே 'கம்போங் கச்சாங் பூத்தே' என்று பெயர் நிலைத்துவிட்டது. வேலையின் பெயர் ஊரின் பெயராயிற்று. 'புந்தோங்கிலிருந்து வருகிறேன்' என்றால் 'கச்சாங் பூத்தே ஊரா?' என்று கோலாலம்பூரில் திருப்பிக் கேட்பார்கள். மலாய்ப் பேச்சுவழக்கில் சுலபமான காரியத்தைக் 'கச்சாங்' (கடலை) என்பது வேறு கதை. வாணலியின் முன் நின்றவர்கள் அதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

கச்சாங் பூத்தேயை வெற்றிக் கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போவதும் சரியன்று. முதலாவது, இது குடும்பத்துக்குள் கைமாறிய திறன். உறவுக்கு வெளியே இருப்பவருக்கு ஓரத்தில் நுழையும் வழியும் குறைவு. இரண்டாவது, குடும்பத் தொழில்களில் பொதுவாக நடப்பதுபோல, பலகையில் எழுதப்படுவது ஆண் பெயர். மாவு பிசைந்து பதம் பார்க்கும் பெண்ணின் கை அங்கேயும் பெயரில்லாமல் போகக்கூடும். மூன்றாவது, தொழில் பெருத்து வேலைக்கு ஆள் வைக்கும்போது கற்றல் அறுபடும் ஆபத்து. லேவும் வெங்கரும் அமெரிக்க இறைச்சிக்கடைப் பயிலுநர்களைப் பற்றிய ஓர் ஆய்வை எடுத்துக்காட்டுகிறார்கள்: பொட்டலம் கட்டும் இயந்திரத்தின் முன் நிறுத்தப்பட்ட பயிலுநர்களுக்கு, தேர்ந்தவர்கள் இறைச்சி வெட்டும் மேசை கண்ணில் படவே இல்லை, அதனால் ஆண்டுகள் கழிந்தும் தொழில் பிடிபடவில்லை. நாள் முழுக்கப் பாக்கெட் ஒட்டும் மேசையில் நிற்பவருக்கு வாணலியின் ஓசை கேட்காது. வேலை கிடைக்கும், தொழில் கிடைக்காது.

6. சான்றிதழ்: கையும் தாளும்

பெயரில்லாத திறனுக்குப் பெயர் கொடுக்க இன்றைய அரசு வைத்திருக்கும் கருவி சான்றிதழ். 2006ஆம் ஆண்டின் தேசியத் தொழில்திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் (சட்டம் 652), மலேசியத் தொழில்திறன் சான்றிதழ் மூன்று நிலைகளிலும், அதற்கு மேல் டிப்ளோமா, உயர் டிப்ளோமா என இரண்டு நிலைகளிலும் வழங்கப்படுகிறது. பயிற்சி நிலையத்தில் சேர்ந்து படித்துப் பெறலாம்; வேலையிடப் பயிற்சி வழியும் பெறலாம். மூன்றாவதாக ஒரு வழி உண்டு: பீ.பீ.டி. என்று சுருங்க வழங்கும் 'முன்னனுபவத் தேர்ச்சிக்கான ஏற்பு'. பள்ளிக்கூடமே போகாமல் வேலையில் தேர்ந்த மெக்கானிக்கோ ஒயரிங்காரரோ சமையற்காரரோ, தமக்குத் தெரிந்தவற்றுக்குச் சான்றுகளைத் தொகுத்துக் கோப்பாகச் சமர்ப்பித்து, மதிப்பீட்டாளர் முன் செய்து காட்டி, சான்றிதழ் பெறலாம்.

இக்கட்டுரையின் கேள்விக்கு இந்த மூன்றாம் வழியே முக்கியமானது. 'உனக்கு ஒன்றும் தெரியாது, வா கற்றுத் தருகிறோம்' என்று அது தொடங்குவதில்லை. 'உனக்குத் தெரிந்ததைக் காட்டு' என்று தொடங்குகிறது. முதல் தொடக்கம் வருபவரின் கடந்த காலத்தை அழிக்கிறது. இரண்டாவது அதை மூலதனமாக எடுத்துக்கொள்கிறது. சட்டப்புத்தகத்தில் 'திறனற்றவர்' என்று எழுதப்பட்ட ஒரு சமூகத்துக்கு இந்த வேறுபாடு சிறியது அன்று.

ஆனால் கோப்பு தயாரிப்பதே ஒரு தனித் திறன். செய்யத் தெரிந்ததைத் தரநிலை ஆவணத்தின் சொற்களில் எழுத வேண்டும், படம் எடுத்து ஒட்ட வேண்டும், பெரும்பாலும் மலாயில். ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் படித்து, புகுமுக வகுப்பில் மொழி மாறித் தடுமாறி, பாதியில் நின்றவருக்கு இங்கே கைநாட்டு மீண்டும் வந்து நிற்கிறது. கைக்குத் தெரிந்ததற்குச் சான்றிதழ் தர வந்த ஏற்பாடு, கைக்குத் தெரியாத எழுத்தை வாசலில் நிறுத்துகிறது. இந்தியச் சமூகத்துக்கென 2017இல் வெளியான பெருந்திட்டமும், 2018இல் மித்ரா என்று பெயர் மாறிய அரசுப் பிரிவின் மானியங்களும் தொழில்திறனைப் பேசாமல் இல்லை. ஆனால் இருக்கைகளின் எண்ணிக்கையும் வந்தவர் தொகையும் கணக்கில் வரும் அளவுக்கு, அந்தக் கோப்பை எழுத உடன் உட்காரும் ஆள் கணக்கில் வருவதில்லை.

7. எதிர்வாதங்கள் மூன்று

முதல் எதிர்வாதம்: திறனுக்கு ஊரின் ஏற்பு எதற்கு? தனியறையில் வயலின் பழகுபவருக்கு மகிழ்ச்சி இல்லையா? உண்டு. கை தேறும்போது வரும் நிறைவு யாரும் பார்க்காவிட்டாலும் வரும். மரம் சீவியவருக்கும் வந்தது. ஆனால் நிறைவு வேறு, அடையாளம் வேறு. 'நான் வயலின்காரர்' என்று ஒருவர் தம்மைச் சொல்லிக்கொள்ள, அந்தச் சொல்லுக்கு மதிப்புக் கொடுக்கும் ஓர் உலகம் ஏற்கெனவே இருக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, பால் வில்லிஸ் 1977இல் எழுப்பியது. இங்கிலாந்தின் தொழிலாளர் வீட்டுப் பையன்கள் உடலுழைப்பைப் பெருமையாக ஏற்றுப் பள்ளியை ஏளனம் செய்தார்கள். அந்தப் பெருமையே அவர்களை அப்பன் வேலைக்குள் அடைத்தது என்றார் அவர். திறனில் வரும் தன்னம்பிக்கை விலங்காகவும் ஆகலாம் என்பது இதன் சாரம். இந்த எச்சரிக்கை ஏற்கத்தக்கது. தமிழ் இளைஞனுக்குத் தொழில்திறன், மற்றவனுக்குப் பல்கலைக்கழகம் என்று பங்கு பிரித்தால், கைத்திறனைப் புகழ்வதே ஒரு கதவடைப்பாகும். திறன் பெருமை தர வேண்டுமானால் அது தேர்வாக இருக்க வேண்டும்; ஒதுக்கீடாக இருக்கக் கூடாது.

மூன்றாவது எதிர்வாதம் நுட்பமானது: 'ஊர்' என்பது ஒன்றா? தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து குனோங் சீரோ கல்லுமலை சுப்பிரமணியர் கோயிலை நோக்கிக் காவடிகள் புறப்படும்போது முன்னால் உறுமி அடிக்கும் இளைஞர்களைப் பாருங்கள். வளைகுச்சியைத் தோலில் உரசி அந்த உறுமலை எழுப்ப மாதக்கணக்கில் பழக வேண்டும். பள்ளியில் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டவனும் இங்கே குழுவின் தாளத்தைக் கையில் வைத்திருப்பவன். காவடி எடுப்பவருக்கு அது அருள், தோழர்களுக்குக் கெட்டிக்காரத்தனம், தூர நிற்கும் சிலருக்கு வெறும் இரைச்சல், அடாவடி. ஒரே திறனுக்கு மூன்று ஊர் மூன்று பெயர் தருகிறது. ஆகவே என் மூன்றாம் நிபந்தனையைத் திருத்திச் சொல்ல வேண்டும். திறனுக்குப் பெயர் இருந்தால் போதாது. அந்தப் பெயர், கற்றவர் நடமாட வேண்டிய பிற ஊர்களிலும் செல்ல வேண்டும். சொந்த வட்டத்தில் மட்டும் செல்லும் பெயர் அந்த வட்டத்துக்குள் நிமிர வைக்கும். அதைத் தாண்டும்போது கூட வராது. மரம் சீவியவரின் 'நல்ல கை' தோட்டத்து வாசலோடு நின்றது இதனால்தான்.

8. முடிவாக

திறனைக் கற்பது தன்னம்பிக்கையைத் தருகிறது என்ற கூற்று உண்மையே. ஆனால் அது கைக்குத் தரும் நம்பிக்கை. ஆளுக்குத் தரும் நம்பிக்கையாக அது மாற, தரம் அறிந்த சாட்சியும் வெளியே செல்லுபடியாகும் பெயரும் தேவைப்படுகின்றன. பால்மரக் காட்டில் முதல் இரண்டும் இருந்தன. மூன்றாவதைச் சட்டமே மறுத்தது. கச்சாங் பூத்தேயில் மூன்றும் கூடின, கூடியது சிலருக்கு. இன்றைய சான்றிதழ் மூன்றாவதைத் தர முன்வருகிறது; ஆனால் எழுத்தை வாசற்காவலாக வைத்திருக்கிறது.

இதிலிருந்து நடைமுறைக்கு இரண்டு செய்திகள். பயிற்சி நடத்தும் அமைப்புகள் முன்னனுபவத் தேர்ச்சிக்கான ஏற்பைத் தம் முதல் வாசலாக வைக்கலாம். கோப்பு எழுதத் தமிழும் மலாயும் தெரிந்த ஒருவரை உடன் உட்கார வைக்கலாம். இதற்கு ஆகும் செலவு ஒரு பெரிய தன்முனைப்பு நிகழ்ச்சியின் மண்டபச் செலவைவிட மிகுதியாக இருக்க நியாயமில்லை. அடுத்து, மரம் சீவிய தலைமுறையில் எஞ்சியிருப்பவர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்களுடைய துன்பங்கள் நம் நாவல்களிலும் சிறுகதைகளிலும் போதிய அளவு பதிவாகியுள்ளன. கத்தியை எந்தக் கோணத்தில் பிடித்தார்கள், ஆழத்தை எப்படி அறிந்தார்கள் என்பது அந்த அளவுக்குப் பதிவாகவில்லை. துன்பப்பட்டவர்களாக மட்டும் நினைவில் வைக்கப்படும் ஒரு தலைமுறை, திறனாளிகளாகவும் நினைவில் வைக்கப்பட வேண்டும். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் அடையாளத்துக்கும் அது தேவை.

'உன்னால் முடியும்' என்று சொல்வதற்கு முன் 'உனக்கு என்ன தெரியும்?' என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர்களுக்கு நேரம் கொடுங்கள், சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள்.